வரைபடத்தில் வெள்ளையாய் ஆம்பூர்

ஆம்பூர்
2.9.2025, செவ்வாய்

மேகலாவுக்கு நாத்தனார் தாயாரம்மா எழுதிக்கிறது.

மானம் போற சமாச்சாரத்தை முதல்ல சொல்லி முடிச்சிடறேன். போன வெள்ளிக்கிழமை உங்க லேபுக்கு வந்த ஐஸ் பெட்டியில, சளி ட்யூபுங்களுக்கு நடுவுல ஒரு எவர்சில்வர் டப்பா இருந்திச்சே, உள்ள தயிர்சாதம், ஓரத்துல மாங்கா ஊறுகா, அது என்னுது. எங்க கிளினிக் ஃப்ரிட்ஜ் ரிப்பேரு. பெட்டி சும்மா சில்லுன்னு கிடக்குதேன்னு வச்சேன். பன்னெண்டு மணிக்கு எடுத்துக்கலாம்னு இருந்தேன். பதினொன்னே முக்காலுக்கே பெட்டியை ஏத்திவிடற வேலூர் பஸ் வந்துடுச்சி. பசியோட நின்னு என் சாப்பாட்டுக்கு டாட்டா காட்டினேன்.

உங்க லேபுல இருந்து டாக்டருக்குக் கண்டனம் வந்திச்சி. தபரேஸ் டாக்டர் அத்தனை பேஷண்ட் முன்னாடியும் படிச்சுட்டு, "தாயாரம்மா, உன் தயிர்சாதத்துக்கு நெகட்டிவ் வந்திருக்கு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்தக் காயிதத்தை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து உன்னுது. எங்க பெட்டியைப் பிரிக்கிறவளே நீதான்னு அப்பதான் தெரிஞ்சது. அடியே, பெருமாளு ஒரு வழி வச்சிருக்காரு பாரு.

நீ ஆடி மாசம் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனதுல இருந்து உன் நம்பருக்கு நாப்பது தடவை அடிச்சிருப்பேன். ஒரு பொம்பளை எடுத்து, நீங்கள் அழைக்கும் எண்ணைத் தொடர்பு கொள்ள முடியவில்லைங்கிறா. உன்னைவிட மரியாதையா பேசறா. அவளையே என் தம்பி கோபிக்குக் கட்டி வச்சிடலாமான்னு யோசிக்கிறேன்.

சண்டையை நான் மறுபடி கிளறலை. நீ சொன்னது நியாயம். இருபது வருஷம் பஃபிங் மிஷின்ல தோலைத் தேய்ச்சுத் தேய்ச்சு, அந்தத் தூசியில கோபிக்கு நெஞ்சு பாதி போயிடுச்சி, வேலையை விட்டுட்டு வேலூருக்கு வான்னு கூப்பிட்டே. அவன் வரமாட்டேன்னான். நடுவுல நான் வாயை விட்டேன், "மைக்ராஸ்கோப்புல பார்க்கிறவளுக்குப் புருஷனும் பூச்சியாத்தான் தெரிவான்"னு. தப்புதான். நீயும் லேசுப்பட்டவ இல்லை. "அஞ்சாவது படிச்சவங்க எனக்குப் புத்தி சொல்ல வேணாம்"னே. அது இன்னும் இங்க குத்துது. போவட்டும்.

விஷயம் இன்னான்னா, நீ போன பத்தாம் நாளு கோபி பஃபிங் வேலையை விட்டுட்டான். நீ இருக்கறப்போ கேக்காதது, நீ போனப்புறம் கேட்டிச்சி. ஆம்பளைங்க காது தபால்ல வேலை செய்யும். இப்போ ஷூ கம்பெனி ஆஸ்டல்ல வாட்ச்மேன். வடக்கத்திப் பசங்க நாப்பது பேரு தங்கியிருக்காங்க. கேட்டுப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார்ற வேலை. தூசி இல்லை.

மூடிக்கு உள்பக்கம் ஃபார்ம் வைக்கிற பிளாஸ்டிக் பை இருக்கு இல்ல, அதுலதான் இதை வைக்கிறேன். காலிப் பெட்டி திரும்பி வரச்சொல்ல பதில் வை. டப்பாவையும் வை.

தாயாரம்மா


வேலூர்
3.9.2025

அண்ணிக்கு,

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். சாதத்தை விதிப்படி எரிக்க வேண்டும். எரித்துவிட்டோம்.

இந்தப் பையில் கடிதம் வைப்பது தவறு. இருந்தாலும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் ஃபார்ம்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பெரிய மசூதிக்குப் பின்னாடி, தண்ணி டேங்க் சந்து, நீலக் கதவு" என்பது முகவரி இல்லை. எங்களுக்குப் பின்கோடு வேண்டும். ஆறு எண்கள். அது இல்லாத ஃபார்மைக் கணினி ஏற்காது. அந்த ட்யூபைக் கொட்டிவிடுவோம். யாரோ ஒருவர் மூக்கில் குச்சி விட்டதற்குப் பலன் இல்லாமல் போகும்.

நாங்கள் தேடுவது ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ். புதிது ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் எப்போதும் இருப்பதுதான். உங்களுக்கும் எனக்கும் வந்தால் நான்கு நாள் மூக்கொழுகும். கைக்குழந்தைக்கும் நுரையீரல் கெட்டவர்களுக்கும் வந்தால் கதையே வேறு. நாடு முழுவதும் எங்களைப் போலப் பல லேப்கள் பார்க்கின்றன. பாசிட்டிவ் வந்தால் அந்த நோயாளியின் பின்கோடு இருக்கும் இடத்தில், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். எங்கே கிளம்புகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அதை வைத்துத்தான் சொல்கிறோம்.

பெட்டியைத் திறந்ததும் ஃபார்ம் தனியே போய்விடும், ட்யூபுக்கு ஒரு எண் ஒட்டிவிடுவார்கள். நான் எண்ணை மட்டும் பார்த்துச் சோதனை செய்வேன். ஃபார்மைக் கணினியில் ஏற்றுவது மேல்விஷாரத்துப் பெண் வஹீதா. ஆகவே எந்த ட்யூப் யாருடையது என்று எனக்குத் தெரியாது, கேட்காதீர்கள்.

அவர் இன்ஹேலரைக் காலையும் மாலையும் எடுக்கிறாரா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

மேகலா


ஆம்பூர்
9.9.2025, செவ்வாய்

மேகலாவுக்கு,

"இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்." அடேயப்பா. கலெக்டர் ஆபீஸ் காயிதம் கூட இவ்வளவு விறைப்பா வராது.

இன்ஹேலர் எடுக்கிறான். ரெண்டு வேளையும். நான் எதிர்ல நின்னு எண்ணுறேன். பொண்டாட்டி கேட்டாளான்னு அவன் என்னைக் கேக்கலை. கேக்காத மாதிரியே மூணு தடவை கேக்கலை.

இந்த வாரம் ஃபார்மைப் பாரு. பார்த்துட்டு ஒரு நல்ல வார்த்தை எழுது. பதினாலு ஃபார்ம், பதினாலுலயும் ஆறு நம்பரு, பளிச்சுன்னு. இங்கிலீஷ் எழுத்து கூட ஒன்னும் கோணலா இருக்காது. எப்படின்னு கேக்காதே, தொழில் ரகசியம். அஞ்சாவது படிச்சவ கைதான் அது, ஞாபகம் வச்சுக்க.

பாதிக்கு மேல கோபியோட ஆஸ்டல் பசங்க. கம்பெனி அவங்களை எங்க கிளினிக்குக்குத்தான் அனுப்புது. மூக்குல குச்சி விட்டா ஆறடி ஆளு கூட "அம்மா"ன்னு தமிழ்ல கத்துறான். வேற எந்தத் தமிழும் தெரியாது.

ஒரு சந்தேகம். வரைபடத்துல புள்ளி விழும்னியே, தண்ணி டேங்க் சந்துல விழுந்தா எங்க வீடு தெரியுமா? அப்படின்னா முன்னாடியே சொல்லு, கோலம் போட்டு வைக்கிறேன்.

தாயாரம்மா


வேலூர்
17.9.2025

அண்ணிக்கு,

ஃபார்ம்கள் நன்றாக இருப்பதாக வஹீதா சொன்னாள். "ஆம்பூர் பெட்டிதான் இப்போ நம்பர் ஒன்" என்றாள். சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன்.

நீங்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தை எனக்கும் குத்துகிறது. நான் சொன்னதும் தவறு. இரண்டையும் இங்கே நிறுத்திக்கொள்வோம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அவரிடம் இப்போதைக்கு வேண்டாம். நான் இருப்பது மாடி. அவரால் ஏற முடியாது. அதனால் தரைத்தள வீடு ஒன்று பார்த்திருக்கிறேன், சாயிநாதபுரத்தில். ஜன்னல் பெரியது, காற்று வரும். விஜயதசமிக்கு அவரை அழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆனால் வரைபடம் வேறு மாதிரி சொல்கிறது. கான்பூரில் ஒன்பது புள்ளி. மோதிஹாரியில் நான்கு. தன்பாத்தில் மூன்று. வடக்கே வேகம் பிடிக்கிறது. இங்கே வேலூரிலும் ஐந்து விழுந்துவிட்டது. ஆம்பூரில் மட்டும் ஒன்றும் இல்லை. உங்கள் பெட்டி அத்தனை வந்தும் ஆம்பூர் வெள்ளையாகவே இருக்கிறது.

அவர் இருக்கும் நிலையில் இது ஒட்டிக்கொண்டால் தாங்கமாட்டார். அண்ணி, நான் மிகைப்படுத்தவில்லை. அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்தவள் நான். எனவே வேலூர் அடங்கும் வரை அவர் ஆம்பூரிலேயே இருக்கட்டும். அந்த ஆஸ்டல் கேட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும். இப்போதைக்கு அதுதான் பத்திரமான இடம்.

மேகலா


ஆம்பூர்
19.9.2025, வெள்ளி

என் தங்கமே,

நீ சொல்லாதேன்னா நான் சொல்லாம இருப்பேனா? பாதிதான் சொன்னேன். "ஒருத்தி தரைத்தளத்துல வீடு பார்த்திருக்கா, யாருக்குன்னு தெரியலை"ன்னேன். அவ்வளவுதான். மறுநாளு ஷேவ் பண்ணிக்கிட்டு, அந்த நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுட்டு வந்து நிக்கிறான். "அக்கா, நான் வேணா இந்த ஞாயித்துக்கெழமையே..."ங்கிறான். அதட்டி உக்கார வச்சேன். "வேலூர்ல சிவப்பு, ஆம்பூர்ல வெள்ளை. உன் பொண்டாட்டி உத்தரவு, கேட்டை விட்டு நகரக் கூடாது"ன்னேன். இஸ்திரி போட்ட சட்டையோட போய் நாற்காலியில உக்கார்ந்துட்டான். பாவமாவும் இருந்திச்சி, சிரிப்பாவும் இருந்திச்சி.

அவனுக்கு அங்க ஒரு தோஸ்த் கிடைச்சிருக்கான். பேரு ஹம்மாத். கட்டிங் செக்ஷன் பையன், முப்பது வயசு இருக்கும். ஊர்ல அவனுக்கு மூணு மாசப் பொண்ணு. இன்னும் நேர்ல பார்க்கலை, ஃபோன்லதான் பார்த்திருக்கான். டூட்டி முடிஞ்சதும் கோபி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார்ந்து, ஒரே டம்ளர்ல டீயைப் பாதிப் பாதி ஊத்திக்கிட்டு, அந்தக் கொழந்தை வீடியோவைக் காட்டுவான். இவனுக்கு அவன் பேசறது புரியாது, அவனுக்கு இவன் பேசறது புரியாது. புருஷன் பொண்டாட்டி மாதிரி நல்லா ஒத்துப்போவுது.

ஆஸ்டல்ல ஒரே இருமல். நாப்பது பேரு, ரெண்டு ஹாலு, ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஃபேனைப் போட்டுத் தூங்கறானுங்க. காலையில போனா டேனரி டிரம்மு சுத்துற மாதிரி சத்தம். ஆனா யாரும் லீவு போடறதில்லை. அது சாதா சளிதானே, ஆம்பூர்தான் வெள்ளையாச்சே.

தாயாரம்மா


வேலூர்
24.9.2025

அண்ணிக்கு,

அவர் சட்டை இஸ்திரி போட்டதைப் படித்துவிட்டு வேலையில் தப்பு செய்தேன். இனி அப்படி எழுதாதீர்கள். அல்லது எழுதுங்கள்.

எனக்கு ஒன்று சரியாகப் படவில்லை. கான்பூர் இருபத்திரண்டு ஆகிவிட்டது. மேலே இருப்பவர்கள் வடக்கில் பெரிய அலை என்று அறிக்கை தயாரிக்கிறார்கள். ஆனால் இந்த வைரஸ் ஓர் ஊருக்குள் போனால் முதலில் கைக்குழந்தைகளைத்தான் காட்டும். அந்த இருபத்திரண்டில் ஒரு குழந்தை கூட இல்லை. பெண்ணும் இல்லை. எல்லாரும் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயது ஆண்கள். ஒரு ஊரில் ஆண்கள் மட்டும் எப்படி இருமுவார்கள்?

அதோடு கான்பூரில் இருக்கிற லேப் தன் பெட்டிகளில் ஒன்றுமே இல்லை என்கிறது.

நீங்கள் ஆஸ்டலில் எல்லாரும் இருமுவதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய ட்யூப் இப்போதும் எங்களுக்கு வருகிறதா? வந்தால் ஏன் ஆம்பூரில் ஒரு புள்ளி கூட இல்லை? அவர்களிடம் ஆர்.எஸ்.வி. இல்லை என்றால் சரி. அதை உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உடனே எழுதுங்கள்.

அவர் எப்படி இருக்கிறார்?

மேகலா


ஆம்பூர்
26.9.2025, வெள்ளி

மேகலாவுக்கு,

வராம எங்க போவுது? போன செவ்வாய்க்கிழமை பெட்டியில மட்டும் ஆஸ்டல் பசங்களுது எட்டு ட்யூபு. அதுல ஹம்மாத்தோடதும் இருக்கு. உங்க லேபுல பெட்டியைப் பிரிக்கிறீங்களா, இல்லை என் டப்பாவைத் தேடிட்டு மூடி வச்சிடறீங்களா?

ஃபார்ம் எழுதறதுல என் பக்கம் ஒரு சொட்டுத் தப்பில்லை. இப்போ ரகசியத்தைச் சொல்லிடறேன், நீ பயப்படற மாதிரி இருக்கு. வாயால கேட்டா ஆளாளுக்கு ஒன்னு சொல்றானுங்க, பின்கோடு ஒருத்தனுக்கும் தெரியலை. அதனால ஆதார் கார்டை வாங்கி வச்சுக்கிட்டு அதுல இருக்கிறதை அப்படியே பார்த்து எழுதிடறேன். கோலம் பார்த்துப் போடற மாதிரி. கவர்மெண்டே அச்சடிச்ச அட்ரஸ், அதுல யாரு குத்தம் கண்டுபிடிக்கிறது?

கோபி நல்லா இருக்கான். நேத்துல இருந்து மூக்கு லேசா ஒழுகுது. தூசின்னு சொல்றான். படி ஏறலை, வெயில்ல நிக்கலை. சாப்பாடு கொஞ்சம் கம்மி. ராத்திரி தலைகாணி ரெண்டு வச்சுக்கிட்டு உக்கார்ந்த மாதிரியே தூங்கறான், அப்பதான் சௌகரியமா இருக்குதாம். பேஜார் ஒன்னும் இல்லை.

தாயாரம்மா


வேலூர்
30.9.2025

அண்ணிக்கு,

சனிக்கிழமை காலை கார் எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் கையை எடுத்துவிட்டேன். அப்போது பேசியிருந்தால் ஜென்மத்துக்கும் திருப்பி எடுக்க முடியாததைப் பேசியிருப்பேன்.

இப்போது பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வஹீதாவிடம் ஓடிப்போய் ஃபார்ம் கட்டைப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து. ஒரு தப்பும் இல்லை. ஹம்மாத், வயது முப்பத்தொன்று, கான்பூர், 208 என்று ஆரம்பிக்கிற பின்கோடு. அவன் ஆம்பூரில் வேலை செய்கிறான், ஆம்பூரில் தூங்குகிறான், ஆம்பூரில் இருமுகிறான். அவனுடைய ஆதாரில் மட்டும் கான்பூர் இருக்கிறது. வஹீதா பின்கோடைத் தட்டினாள், கணினி புள்ளியைக் கான்பூரில் வைத்தது. மோதிஹாரி அப்படித்தான். தன்பாத் அப்படித்தான். நான் பார்த்துப் பார்த்துப் பயந்த அத்தனை வடக்குப் புள்ளிகளும் உங்கள் ஐஸ் பெட்டியில் வந்தவை. எல்லாம் ஒரே கட்டடம். அதன் கேட்டில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கேயே இருக்கட்டும் என்று எழுதியவள் நான். அதுதான் பத்திரமான இடம் என்றேன். பின்கோடு இல்லாவிட்டால் கொட்டிவிடுவேன் என்று உங்களை மிரட்டியவளும் நான். நீலக் கதவு என்று நீங்கள் முதலில் எழுதினீர்களே, அதை அப்படியே ஏற்றிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

பழியைப் பங்கு போட இப்போது நேரமில்லை. ஐ.சி.யூ.வில் இருக்கிறார். முகத்தில் இறுக்கமான மாஸ்க் போட்டு மிஷின் காற்றைத் தள்ளுகிறது. மூன்று நாள் தாண்ட வேண்டும் என்கிறார்கள். உள்ளே என்னைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். நீங்கள் வர வேண்டாம்.

நாளை ஆயுத பூஜை, அதனால் பெட்டி இன்றே திரும்புகிறது. நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஆஸ்டலில் இருமுகிறவன் ஒருவனும் ரயில் ஏறக் கூடாது. பூஜை விடுமுறையோடு சேர்த்து தீபாவளிக்கும் அவர்கள் ஊர் சாத் பண்டிகைக்கும் கிளம்புவார்கள். கிளம்பினால், நாம் தப்பாக வைத்த புள்ளிகள் பத்தே நாளில் உண்மையாகிவிடும். அங்கே வீட்டில் கைக்குழந்தைகள் இருக்கின்றன.

மேகலா


ஆம்பூர்
3.10.2025, வெள்ளி

மேகலாவுக்கு,

நீ இப்போ ஃபோனைத் திறந்து வச்சிருக்கிறது தெரியும். ரெண்டு தடவை அடிச்சு ரெண்டு தடவையும் நானே வச்சிட்டேன். உன் குரலைக் கேட்டா எனக்கு நாக்கு எழாது. எழுதறதுன்னா கையை அதட்டலாம்.

ஆயுத பூஜையன்னிக்குக் காலையில உன் லெட்டரைப் படிச்சிட்டு ஆஸ்டலுக்கு ஓடினேன். மிஷினுக்கெல்லாம் பூ வச்சு, கேட்டுக்குச் சந்தனம் பூசி, கோபி நாற்காலிக்குக் கூட ஒரு பொட்டு வச்சிருக்கானுங்க. உள்ள போனா நாப்பது கட்டில்ல பதினோரு பேரு. மத்தவங்க முந்தின நாளே காட்பாடி போய் ரயில் ஏறிட்டாங்க. விடுமுறை சேர்ந்தாப்ல வந்திச்சேன்னு கம்பெனியே வேன் வச்சு அனுப்பியிருக்கு.

இருந்த பதினோரு பேரையும் நிறுத்திட்டேன். எனக்குத் தெரிஞ்ச இந்தி எல்லாம் மீன் கடையில கத்துக்கிட்டது. "ஜானா நை! பைட்டோ!", போவாதே, உக்காருன்னு கத்திட்டு வாசல்ல குறுக்கே உக்கார்ந்துட்டேன். தபரேஸ் டாக்டர் வந்துதான் அவங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொன்னாரு. ரெண்டு பேரு டிக்கெட்டைக் கிழிச்சிட்டு என்னைத் திட்டினானுங்க. திட்டட்டும்.

ஹம்மாத் போயிட்டான். அவன் கட்டில் மேல பாலீதீன் கவரு மட்டும் கிடந்திச்சி. பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான், கம்பெனியில ஒதுக்கின துண்டுத் தோலை வாங்கித் தன் கையாலயே குட்டி ஷூ தச்சு எடுத்துட்டுப் போனானாம். ஃபோன் அடிச்சா எடுக்கலை. ரயில்ல சிக்னல் இருக்காது போல.

மிச்சம் இருபத்தொம்பது பேருக்கும் புது ஃபார்ம் எடுத்து, எங்க போயிருக்காங்கன்னு இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பின்னாடி எழுதி இந்தப் பையில வச்சிருக்கேன். இந்தத் தடவை ரெண்டு அட்ரஸும் இருக்கு. ஆஸ்டல் அட்ரஸு ஒன்னு, போய்ச் சேர்ற அட்ரஸு ஒன்னு. எதை வச்சுக்கணுமோ வச்சுக்க.

அவனைப் பத்தி ஒரு வரி எழுது. நல்லதா இருந்தாலும் சரி. இன்னொன்னா இருந்தாலும் சரி. நான் உக்கார்ந்துக்கிட்டுத்தான் படிப்பேன்.

தாயாரம்மா


வேலூர்
8.10.2025

அண்ணிக்கு,

உட்காருங்கள்.

அவர் தாண்டிவிட்டார். நேற்று மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் வைத்தார்கள். வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. முதலில் பேசிய வார்த்தை, "ஆஸ்டல் கேட் சாவி என் பேன்ட் பையில இருக்கு." பத்து நாளாக அந்தக் கேட் பூட்டாமலே கிடந்திருக்கிறது என்று கவலைப்படுகிறார்.

முழுதாகத் திரும்பவில்லை. ஏற்கெனவே பாதி போனதில் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தாலும் ஆக்சிஜன் மிஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாய் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் நடக்கலாம். சாயிநாதபுரம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். குழாய் ஜன்னல் வரைக்கும் எட்டுகிறதா என்று அளந்து பார்த்தேன். எட்டுகிறது.

வஹீதா உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிட்டாள். திருத்தி முடித்ததும் வடக்கு முழுக்க வெளுத்தது, ஆம்பூர் ரத்தக்கட்டு மாதிரி கறுத்தது. அந்தப் பக்கம் வாணியம்பாடியிலும் இந்தப் பக்கம் குடியாத்தத்திலும் புதிதாக விழுகிறது. இதையும் சொல்ல வேண்டும். வெளுத்த வடக்கு மூன்று நாள்தான் வெள்ளையாக இருந்தது. நேற்று கான்பூரில் ஏழு. இந்த முறை அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வந்தவை. மோதிஹாரியில் நான்கு. இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள். வயது என்ற கட்டத்தில் வருஷம் இல்லை, மாதம் போட்டிருக்கிறது. ஒன்று நான்கு மாதம்.

பெயர் எங்களுக்கு வராது. புள்ளி மட்டும்தான் வரும்.

உங்கள் இருபத்தொன்பது ஃபார்மையும் அந்தந்த ஊர் ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறோம். வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்களாம். நீங்கள் எழுதி வைக்காவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரிந்திருக்காது என்று மேலே இருப்பவர் சொன்னார். யார் எழுதியது என்று கேட்டார். என் நாத்தனார் என்றேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

மேகலா


ஆம்பூர்
10.10.2025, வெள்ளி

மேகலாவுக்கு,

உக்கார்ந்துதான் படிச்சேன். அவன்கிட்ட சொல்லு, கேட்டு திறந்து கிடந்தா இன்னா, உள்ள இருந்த திருட்டுக் கிருமி ஏற்கெனவே வெளிய போயிடுச்சின்னு. குழாய் போட்ட புருஷன் கிடைக்கிறது அதிர்ஷ்டம்டி. எவ்வளவு தூரம் போவான்னு முன்னாடியே தெரியும்.

நேத்து ஹம்மாத் ஃபோன் எடுத்துட்டான். நான் பேர் சொன்னதும், "அம்மா! கோபி பாய் கைசா ஹை?"ன்னு சந்தோஷமா கேட்டான். நல்லா இருக்காருன்னேன். "பச்சி கைசி ஹை?"ன்னு நான் கேட்டேன். பாப்பாவுக்கு லேசா சர்தி, சளிதான் அம்மா, ரெண்டு நாளா பால் குடிக்கலைன்னான். பின்னாடி சத்தம் கேட்டிச்சி. அழற சத்தம் இல்லை. மூச்சுதான். அந்த மூச்சை நான் கோபிகிட்ட கேட்டிருக்கேன்.

எனக்கு இந்தியே மறந்துபோச்சு. தமிழ்லயே கத்தினேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போடான்னு. ஃபோனைத் தபரேஸ் டாக்டர்கிட்ட கொடுத்தேன். அவரு பேசினாரு. டாக்டர் அவ்வளவு மெதுவா பேசி நான் பார்த்ததில்லை. வண்டி வருதாம், கிளம்பறோம்னு சொல்லி வச்சான். அதுக்கப்புறம் மூணு தடவை அடிச்சேன். உன் பழைய சிநேகிதிதான் எடுக்கிறா, தொடர்பு கொள்ள முடியவில்லைன்னு. இப்போ அவ குரலு எனக்குப் பிடிக்கலை.

என் உடம்பைக் கேட்டியே. இன்னிக்குப் பெட்டியில பதினாறு ட்யூபு இருக்கு. பதினாறாவது என்னுது. நானே கண்ணாடி முன்னாடி நின்னு எடுத்தேன், அடுத்தவங்க ஏன் கத்துறாங்கன்னு இப்போ தெரியுது. மூணு நாளா இருமல், கொஞ்சம் ஜொரம். படி ரெண்டு ஏறினா நின்னு மூச்சு வாங்கணும். ஐம்பத்து மூணு வயசுக்கு அது சகஜம்னு வச்சுக்க. வீட்டுல நான் ஒருத்திதான், அதனால யாருக்கும் ஒட்டாது, சௌகரியம்.

ஃபார்மைச் சரியா எழுதியிருக்கேன். என் ஆதார்ல இன்னும் செத்துப்போன எங்க வீட்டு மனுஷனோட குடியாத்தத்து அட்ரஸுதான் இருக்கு. அதைப் போடலை. தண்ணி டேங்க் சந்து, ஆம்பூர், 635802. பெரிய மசூதிக்குப் பின்னாடி, ரெண்டாவது நீலக் கதவு. நம்பரும் இருக்கு, கதவும் இருக்கு. வஹீதாகிட்ட சொல்லி எங்க வைக்கணுமோ அங்க வை.

பதில் சனிக்கிழமை காலிப் பெட்டியில வரும் இல்ல? பாசிட்டிவ்னு வந்தா சுத்தி வளைக்காம எழுது. கோபிகிட்ட மட்டும் சொல்லாதே. நீ சொல்லாதேன்னா நான் பாதி சொல்லுவேன், நான் சொல்லாதேன்னா நீ முழுசா சொல்லக் கூடாது.

இதை மட்டும் பஸ் ஸ்டாண்டுல நின்னு எழுதறேன். மேல எழுதினதெல்லாம் முதல் பஸ்ஸுக்கு முன்னாடி. அந்த பஸ்ல பெட்டியை டிரைவர் பக்கத்துல வச்சுட்டு இறங்கறப்போவே வண்டியை எடுத்துட்டான். நான் இறங்கிட்டேன். இடது கால் செருப்பு இறங்கலை. லெட்டரும் பெட்டிக்குள்ள வைக்காம என் கையிலயே நின்னுபோச்சு. அதனால இதை அடுத்த பஸ் கண்டக்டர்கிட்ட கொடுக்கிறேன். பெட்டி வாங்க வர்ற உங்க ஆளு செருப்பையும் கேட்டு வாங்கி வைக்கட்டும். பழுப்பு நிறம், ஏழாம் நம்பர், வார் ஆணியடிச்சது. இப்போ ஒத்தைச் செருப்போட நிக்கிறேன். ஊரு பூரா ஷூ கம்பெனி, யாரும் திரும்பிப் பார்க்கலை.

தாயாரம்மா